வட்டத்துக்குள் ஒருத்தி

வடக்கு மலையின் தலையில் மேகம் ஏறியதும், கலோண்டுவின் கால்கள் தாமாகவே நகரப் பார்த்தன.

பக்கத்தில் நின்ற கம்புவா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எங்கடி ஓடுற? பாஸ்டர் ஆமென் சொல்ற வரைக்கும் கையை விடக் கூடாது. வட்டம் அறுந்தா ஜெபமும் அறுந்துடும், தெரியாதா?"

தெரியும். குன்றின் மேல் சபையார் கைகோத்து நின்றுவிட்டால் யாரும் அசைய மாட்டார்கள். போன வருடம் ஒருவன் இருமல் தாங்காமல் கையை விட்டான். அந்தப் பருவம் முழுக்க மழை பொய்த்ததற்கு ஊரில் இன்றுவரை அவன் இருமல்தான் காரணம்.

இந்தப் பருவமும் பொய்த்தால் விதைச் சோளத்தைத்தான் இடித்துத் தின்ன வேண்டும். ஆடுகளில் பாதி செத்துவிட்டன. சபை முழுவதும் வெறும் வயிற்றோடு நின்று மழை கேட்டது.

கீழே, வறண்டு கிடந்த மணல் ஆற்றில், கலோண்டுவின் புருஷன் முசெம்பி ஊற்று தோண்டிக்கொண்டிருந்தான்.

தண்ணீர் இறங்க இறங்கக் குழியும் இறங்கி, இப்போது உள்ளே நின்றால் அவன் தலைகூடத் தெரிவதில்லை. ஒருவர் தோண்டினால் இன்னொருவர் மேலே நின்று மணல் வாளியை இழுக்க வேண்டும். வடக்கு மலை மேல் ஒரு கண்ணும் வைத்திருக்க வேண்டும். அங்கே மழை கொட்டினால், இங்கே வெயில் காயும்போதே ஆறு சுவர்போல எழுந்து வரும்.

மேலே நிற்பவள் எப்போதும் கலோண்டுதான்.

இன்று அவள் இங்கே இருந்தாள்.

"நீங்க மேல பாத்துக் கேளுங்க, நான் கீழ தோண்டுறேன். யாருக்கு முதல்ல தண்ணி வருதுன்னு பாப்போம்" என்று காலையில் அவன் கேலி செய்தான். அந்தக் கோபத்தில், அவனைத் தனியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

மேகம் கறுத்தது. மலை உச்சி காணாமல் போனது. மின்னல் ஒன்று மலையின் முதுகைக் கிழித்துக்கொண்டு இறங்க, பின்னாலேயே வந்த இடியில் காலடியில் கிடந்த சரளைக் கற்கள் அதிர்ந்தன.

"பாத்தியாடி! ஆண்டவரோட வல்லமையைப் பாத்தியா!" கம்புவா அழுதேவிட்டாள்.

கலோண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை.

ஈர மண் வாசனை காற்றில் வந்தது. சிறுவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். பாஸ்டர் முலேயின் குரல் உடைந்தது. "இன்னும் சத்தமா! வந்துடுச்சு, வந்துடுச்சு!"

இங்கிருந்து கூப்பிட்டால் குழிக்குள் கேட்காது. ஓடலாம். கீழே வரை முள்காடு. அவளுக்கு முன்னால் ஆறு போய்ச் சேர்ந்துவிடும்.

கலோண்டு கண்களை இறுக மூடினாள்.

அதன் பிறகு அந்த வட்டத்தில் எல்லாரையும் விட அவள் உதடுகள்தான் வேகமாக அசைந்தன. கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. அவள் நகங்கள் கம்புவாவின் உள்ளங்கையில் பதிந்தன. வலித்தும் கம்புவா கையை விடவில்லை.

காற்று நின்றது.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது.

கண்ணைத் திறந்தபோது, மேகம் மலையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. யாரோ மந்தையை மடக்கித் திருப்பி ஓட்டுவதுபோல, அவ்வளவு பெரிய கருமை அப்படியே வடக்கே போனது. உச்சி மறுபடி தெரிந்தது. வெயில் அடித்தது.

பாஸ்டர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆமென் சொல்ல யாருக்கும் குரல் எழவில்லை. கைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

கீழே மணலில் ஒரு புள்ளி அசைந்தது. முசெம்பி குழியை விட்டு ஏறி வந்து, இடுப்பில் கைவைத்து, இடி எங்கே போனதென்று வானத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

கம்புவா முந்தானைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்களை விடு. எங்க வாயில பொய் இருக்கும், மனசுல பொறாமை இருக்கும். நீ அப்படி உருகி உருகி ஜெபிச்சியேடி! உனக்குக்கூடவா அவர் செவிகொடுக்கல?"

கலோண்டு கீழே மணலில் நின்ற அந்தப் புள்ளியைப் பார்த்தாள்.

"கொடுத்தாரு, அக்கா" என்றாள், சத்தமே வராமல்.