பேர் வைக்கும் அறை

அந்தச் செல் பிரிகிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே கண்ணாடிச் சில்லைப் பார்க்கிற நுண்ணோக்கி அது. ஒரு பக்கம் கஞ்சர். மறுபக்கம் வள்ளல்.

கஞ்சர் அந்த மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தின் பெரிய டாக்டர். அறுத்தெடுத்த கட்டிகளைச் சீவிப் பார்த்து, இன்னது என்று பேர் வைப்பது அவர் வேலை. ஒரு செல் இரண்டாகப் பிரிகிறது என்று லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால் அந்தப் பட்டம். வீட்டில் அரிசி பொறுக்கச் சொன்னால்கூட, "கல் மாதிரி இருக்கு, கல்லுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த வீட்டில் முழுப் பல்லோடு இருப்பது பூனை மட்டும்தான்.

ஒருமுறை அவர் எண்ணிக்கொண்டிருந்தபோது தீ எச்சரிக்கை மணி அடித்தது. கட்டடமே காலியானது. தீயணைப்புக்காரர் வந்து தோளைத் தொட்டதற்கு, "இருப்பா, எண்ணிக்கை தப்பிடும்" என்றார். தீயும் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றதாகக் கேள்வி.

வள்ளல், சின்ன டாக்டரம்மா. சந்தேகம் வந்தால் கணக்கில் சேர்த்துக்கொள்கிற தாராளக் கை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருவருக்கும் சண்டைதான்.

"ஒரு நாளாவது நான் சொல்றதுக்குச் சரின்னு சொல்லேம்மா" என்பார் அவர்.

"சரியானதைச் சொல்லுங்க சார், சொல்றேன்" என்பாள் அவள்.

இன்றைக்கு வந்திருப்பது நுரையீரலிலிருந்து எடுத்த கட்டி. பாதி நரம்பு, பாதி சுரப்பி என்று இரட்டை வேடம் போடுகிற இனம். குறித்த பரப்புக்குள் பிரிகிற செல் ஒன்றோடு நின்றால் அது சாது. கட்டிக்காரர் வீட்டுக்குப் போய், வெகுகாலம் எல்லோரையும் திட்டிக்கொண்டு இருக்கலாம். இரண்டு என்றால் பேர் மாறும். பேர் மாறினால் தலையெழுத்தும் மாறும்; திரும்ப வருமோ என்கிற பயம் சாப்பிடும்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒன்று கிடைத்துவிட்டது. அதில் சண்டை இல்லை.

இது இரண்டாவது. நடுவில் கறுத்து, சுருங்கி, ஓரம் மட்டும் கொஞ்சம் பிசிறு. பிரியப் போகிற செல்லும் இப்படித்தான் இருக்கும். சாகப் போகிறதும் இப்படித்தான் இருக்கும். கஞ்சர் வேறு சாயம் போட்டுப் பார்த்தார். அதுவும் தெளிவாகச் சொல்லாமல் மென்று முழுங்கியது.

காலையிலிருந்து கஞ்சர் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு செல் செத்துத் தொலையட்டும் என்று இவ்வளவு நேரம் எந்த டாக்டரும் வேண்டிக்கொண்டிருக்க மாட்டார். அதனாலேயே இன்றைக்கு அவருக்குத் தன் கண்மேல் நம்பிக்கை இல்லை.

"நீ சொல்லும்மா."

"யாரோடது சார்?"

"அது எதுக்கு உனக்கு? செல்லைப் பாரு."

பார்த்தாள். குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள். கஞ்சர் சண்டைக்குக் காத்திருந்தார்.

அவள் தலையை நிமிர்த்தினாள். அவருடைய சிவந்த கண்களைப் பார்த்தாள். வாய்வரை வந்த எதையோ விழுங்கிக்கொண்டாள்.

"சரி சார். செத்ததுன்னே வெச்சுக்கலாம். ஒரு நாளாவது சரின்னு சொல்லச் சொன்னீங்கல்ல, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"சண்டை போடும்மா" என்றார் கஞ்சர்.

அவள் அதற்கும் சிரித்தாள்.

மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. அதுவாக ஓயட்டும் என்று பார்த்தார். ஓயவில்லை. எடுத்துக் காதில் வைத்தார்.

மேல் மாடி வார்டுக் கட்டிலிலிருந்து வந்த குரலில், அறுவைக்குப் பிறகு, மூச்சு பாதிதான் மிச்சம். கேலி மட்டும் குறையவே இல்லை.

"என்னடா தம்பி, நீ பொறந்தப்ப உனக்குப் பேர் வெச்சவன் நான். மூஞ்சியப் பார்த்ததும் வெச்சேன். எனக்கு ஒரு பேர் வைக்க உனக்கு இவ்வளவு நேரமா?"