நூறு குலுக்கு

ஆய்வகத்தில் என் வேலை நுரையை அளப்பது. கச்சா எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி, நூறு முறை குலுக்கி வைத்துவிட்டு, நுரையின் உயரத்தைக் குறிப்பேன். கனத்த எண்ணெயில் நுரை மெதுவாகத்தான் அடங்கும். ஆனால் அடங்கிவிடும்.

எண்ணெய் சேமிக்கும் மூன்றாம் தொட்டியின் அடியிலிருந்து காலையில் எடுத்த எண்ணெயில் நுரை அடங்கவில்லை. நாற்பது மில்லிமீட்டர், முப்பத்தெட்டு, மறுபடி நாற்பது. கடிகாரம் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினாறு முறை ஏறி இறங்கியது, தூங்குகிறவர் நெஞ்சு மாதிரி.

காலி செய்த அந்தத் தொட்டிக்குள் வண்டல் அள்ள என் கணவர் இறங்கியிருந்தார். பதறிப்போய் ஃபோன் செய்தேன்.

"வெளிய வந்துட்டேன்மா. டீ குடிச்சிட்டு இருக்கேன்."

போன உயிர் திரும்பி வந்தது. பாட்டிலில் நுரை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

"நாலு பேரு இறங்குனோம், நாலு பேரும் வந்தாச்சு. ஆளுக்கொரு டோக்கன் வாசல்ல மாட்டிட்டுத்தானே இறங்குவோம்? வெளிய வந்து அவங்கவங்க எடுத்தப்புறமும் ஒண்ணு மிச்சமா தொங்குது. எவனோ ரெண்டா மாட்டிட்டான் போல. கதவ மூடிட்டு இருக்காங்க."

மூடாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். நுரை மூச்சு விடுகிறது என்றால் யார் நம்புவார்கள்?

ஃபோனில் போல்ட் முடுக்கும் சத்தம் கேட்டது. நுரை வேகமாக ஏறி இறங்கியது.

"அவ்ளோதான், முடிஞ்சுது" என்றார்.

நுரை பாட்டிலின் மூடி வரை எழும்பி, அங்கேயே நின்றது.