சுருளின் அடியில் ஒரு பெயர்

“யார் யாருக்கு வேலை போவுதுன்னு வெளியே சொல்லிட்டியா?” என்று ஆலை எச்.ஆர். பராசரன், பெயர் பொறிக்கும் கடை மெர்சியிடம் கேட்டார்.

“இல்ல சார்.”

ஒரகடத்து ஆலையில் நாளை வேலை இழப்பவர்களுக்கு ஆளுக்கொரு தோல் பர்ஸ் பரிசு. அவற்றில் பெயர்களைச் சூடேற்றி அச்சடிக்கும் மெஷினில் பொன்னெழுத்தாக அடித்தது அவள்தான்.

“தீர்ந்த தங்க ஃபாயில் சுருளைக் குடு. அடிச்ச பேரெல்லாம் அதுல அப்படியே தெரியும். கொளுத்திடறேன்.”

“மெஷின் சூடு ஆறட்டும் சார்.”

“நான் இன்னா கொழந்தையா?” அவரே சுருளைக் கழற்றி வெளிச்சத்தில் பிரித்தார். “செல்லம்மாள்... அட, நம்ம அன்பு!” என்று சிரித்துக்கொண்டே படித்தார். சுருளின் அடிக்கு வந்ததும் குரல் இறங்கியது.

“பராசரன்...”

“எம்.டி. போன் பண்ணி அதைத்தான் முதல்ல அடிக்கச் சொன்னாரு சார். உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னாரு.”

அவர் சுருளை மேசையில் வைத்தார். கொளுத்தாமலே வெளியே போனார்.