மரகதத்தின் கோபம்

முடக்குவாத மாத்திரையால் மரகதத்தின் விரல்கள் நிமிர்ந்து பல வருடங்களாகின்றன. விரல்களின் வீக்கத்தோடு அந்த மாத்திரை நின்றிருந்தால் அவள் கணவர் தணிகைவேலு, அதைக் கொடுத்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். கொஞ்சம் கொஞ்சமாக அது மனைவியின் கோபத்தையும் வற்றவைத்துவிட்டது.

"நாள்பட சாப்பிட்டா சிலருக்கு இப்படி ஆகும். நல்லதுதானே சார்?" என்றார் டாக்டர்.

என்ன நல்லது? ஒரு காலத்தில் மரகதம் சந்தைக்குள் நுழைந்தாலே தராசுகள் ஒழுங்காக நிற்கும். இப்போது விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வேலூர்ச் சந்தையின் சொத்தைக் கத்தரிக்காயெல்லாம் அவள் பைக்காகவே காத்திருந்தன. அவளும், "பாவம், புழுவும் எங்கதான் போகும்?" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள்.

தணிகைவேலு குரலை உயர்த்தியே அறியாதவர். ஒரு நாள் அவரே அவள் பையைப் பிடுங்கிக் கடைக்காரர் முன்னால் கவிழ்த்தார்.

"ஏம்பா, இத உங்க வீட்ல சமைப்பியா? கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

அத்தனையும் ஒரு காலத்தில் அவள் வாயிலிருந்து அவர் கேட்டுப் பழகிய வார்த்தைகள். சந்தையே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் நல்ல காயாகப் பொறுக்கிப் போட்டார். தணிகைவேலு மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

மரகதம் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து, விரல் விரலாக அமுக்கிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு கோபம் வருதே, எப்பலேர்ந்துங்க வலிக்குது? என்கிட்ட சொல்லவே இல்லியே!" என்றபடி தன் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். "வாயத் தொறங்க."