நாற்பத்து மூன்று கிலோ

எங்கள் சின்ன விமான நிலையத்துக்கு வெளிநாட்டிலிருந்து தினமும் ஒரே ஒரு விமானம். வேலைக்குப் போனவர்கள் அதில் மேலே உட்கார்ந்து திரும்பி வருவார்கள். சிலர் கீழே, சரக்கோடு சரக்காகப் பெட்டியில் வருவார்கள். கீழே வருகிறவர்களை எடை போட்டு, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பது என் வேலை. பதினோரு வருடமாகிறது.

இன்று காலை வந்த சவப்பெட்டிக்குக் காகிதத்தில் நூற்று இருபத்தொரு கிலோ. என் தராசில் நாற்பத்து மூன்று. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். நாற்பத்து மூன்றேதான். அது வெறும் பெட்டியின் எடை. நான்கு முத்திரைகளும் உடையாமல் இருந்தன.

எடை குறைந்தால் பெட்டியைக் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஆளைக் காணோம் என்று வீட்டாரிடம் எந்த வாயால் சொல்வது?

வெளியே இறந்தவரின் மனைவியும் அவர் தம்பியும் வேனோடு நின்றார்கள். வழக்கமாக ஒரு கூட்டமே வரும். தூக்கவே ஆறு பேர் வேண்டும்.

"எடையில ஒரு குழப்பம்மா. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"எவ்வளவு காட்டுது?"

"நாப்பத்து மூணு."

"அப்போ சரியாத்தான் இருக்கு" என்று அந்த அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "சீக்கிரம் குடுங்கண்ணே. அவரு விடியக்காலையிலேயே வீட்டுக்கு வந்துட்டாரு. பெட்டி இல்லாம தூக்கம் வரலையாம். பிள்ளைங்க தூங்குற கட்டிலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."