உள்ளே வா

“இந்தப் புத்தகத்த எம் பொண்ணு கையில குடுத்தது யாரு?”

நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் தலையைத் தூக்கினார்கள். வந்தவர் கடைத்தெருத் தையல்காரர். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது கழுத்தில் தொங்கிய அளவு நாடாவிலேயே தெரிந்தது. சட்டை முழுக்க நூல் பிசிறு.

நூலக அம்மா மேசையில் ஸ்கேல் வைத்து, பிளேடால் லேபிள் தாளை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், ஆனால் கை நிற்கவில்லை.

“நான்தான் குடுத்தேன். இங்க எந்தப் புத்தகமா இருந்தாலும் நான் முழுசாப் படிச்சு, முத்திரை குத்தி, லேபிள் ஒட்டின பிறகுதான் அலமாரிக்கே போகும். வேற யார் கையும் படாது. இப்ப என்ன அதுக்கு?”

“என்னவா? நாலு நாளா அவளுக்குச் சோறு தண்ணி இறங்கல. பள்ளிக்கூடம் போகல. சுவரப் பார்த்துப் படுத்துக் கெடக்கா. பதினாறு வயசுப் புள்ள மேடம்! அதுக்கு முன்னாடி என்ன ஆட்டம் ஆடினா தெரியுமா? கதையில வர்ற மாதிரி கறுப்பு அங்கி தைச்சுக் குடுங்கப்பான்னு எங்கிட்டயே கேட்டா. ஒண்ணு இல்ல, ரெண்டு. அவளுக்கு ஒண்ணு, அவ சிநேகிதிக்கு ஒண்ணு!”

நூலக அம்மாவுக்கு இது பழகிப்போன கூத்து. மாதத்துக்கு ஒருவராவது இப்படி ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து குதிப்பார். அவர்களுக்கென்றே ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

“சார், இது கதை. ரெண்டு சூனியக்காரப் பொண்ணுங்க. ஒருத்தி கைய ஒருத்தி புடிச்சாத்தான் மந்திரம் பலிக்கும். ஊர் துரத்துது. தங்களுக்குன்னு ஒரு இடம் தேடிப் போறாங்க. இதுல என்ன தப்பு?”

“நானும் படிச்சேன். மெஷினை நிறுத்திட்டு ஒரு பகல் முழுக்க உக்காந்து படிச்சேன்.” தையல்காரரின் குரல் தடுமாறியது. “அந்த ரெண்டு பொண்ணுங்களும்... வெறும் சிநேகிதிங்க இல்ல.”

“இல்லதான். காதலிக்கிறாங்க. அந்த வார்த்தையச் சொல்லவே உங்களுக்கு வாய் கூசுது பாருங்க!” நூலக அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உங்கள மாதிரி அப்பாக்களாலதான் இந்தப் பிள்ளைங்க மூச்சு விட முடியாமத் தவிக்குதுங்க. இப்படி ஒரு புத்தகத்த இந்த ஊர் அலமாரியில வைக்க எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா? நான் வச்சேன்!”

ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் மெல்லக் கைதட்டக்கூடச் செய்தார்.

நூலக அம்மா ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். “புத்தகத்த எடுக்கணும்னா இதுல எழுதிக் குடுங்க. ஆனா ஒண்ணு, என் உயிர் இருக்கிற வரைக்கும் எடுக்க மாட்டேன்.”

“நான் எப்ப எடுக்கச் சொன்னேன்?” தையல்காரர் படிவத்தைத் தள்ளிவிட்டார். “மீதியக் குடுங்கன்னு கேக்க வந்திருக்கேன்!”

பிளேடு நின்றது. கைதட்டியவர் செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

தையல்காரர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார். “இருநூத்தி எண்பதாம் பக்கம். சூனியக்காரிங்க சபையாவது சேர்த்துக்கும்னு நம்பி வந்து நிக்கிறாங்க. ‘உங்களுக்கு இங்கேயும் இடமில்லை’ன்னு கதவச் சாத்திடுறாங்க. அத்தோட அட்டை வந்துருது. எம் பொண்ணு அதுதான் முடிவுன்னு நெனச்சுட்டா. ‘என்னை மாதிரி பொண்ணுங்களுக்குச் சூனியக்காரிங்க கூடக் கதவு திறக்க மாட்டாங்கப்பா’ன்னா. ‘என்னை மாதிரி’ன்னு சொன்னா, மேடம். அளவெடுக்கிறவன் கண்ணுக்கு அது எப்பவோ தெரியும். அவளா சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். இப்படி அழுதுகிட்டா சொல்லணும்? அங்கி ரெண்டும் தைச்சு முடிச்சுக் கடையில தொங்குது. போட்டுக்க ஆளில்ல.”

அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றி ஆட்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் அவருக்கு இல்லை.

“அப்புறம்தான் பொருளடக்கத்தப் பார்த்தேன். சட்டை தைக்க உக்காந்தா, எல்லாத் துண்டும் இருக்கான்னு முதல்ல எண்ணுறவன் நான். அதுல இருபத்தி நாலு அத்தியாயம் போட்டிருக்கு. உள்ள இருபத்தி மூணுதான் இருக்கு. கடைசி அத்தியாயத்துக்குப் பேரு ‘உள்ளே வா’. அது எங்க?”

“படிச்சவங்க யாராவது... கிழிச்சிருப்பாங்க சார்.”

“கிழிச்சதா? முப்பது வருஷமாத் துணி வெட்டுறேன். கிழிச்சதுக்கும் வெட்டினதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? அட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கிற தாள் விளிம்பு நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கு பாருங்க. எந்தப் படுபாவி செஞ்ச வேலை இது? எம் பொண்ணுக்கு முன்னாடி யார் யாரு எடுத்தாங்க? பேரச் சொல்லுங்க, நானே போய்க் கேக்குறேன்!”

நூலக அம்மா பிளேடை லேபிள் தாளுக்கு அடியில் தள்ளினார். தையல்காரரே பின்னட்டையைத் திருப்பி, உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார். புத்தம் புதுச் சீட்டு. ஒரே ஒரு முத்திரைதான் விழுந்திருந்தது. அது அவர் மகள் எடுத்துப்போன தேதி.

“அந்த ஒரு அத்தியாயத்தோட சேர்த்து அலமாரியில வைக்க எனக்குத் தைரியம் வரல சார்” என்ற நூலக அம்மா, இழுப்பறையைத் திறந்து, கிளிப் போட்டு வைத்திருந்த எட்டுத் தாள்களை எடுத்தார்.