காதைத் தொட்ட தோள்

"எக்ஸ்ரே, ஸ்கேன் எதுலயும் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. தலைகூட வாரிக்க முடியலை இவளுக்கு. நீ மூச்சு விடச் சொல்லியே சரி பண்ணிடுவியாக்கும்?" என்று சீறினார் ஓய்வுபெற்ற ஃபோர்மேன்.

அவர் மனைவி, தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்க, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழைய பயம் உடம்புலயே தங்கிடும் ஐயா. நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றாள் சிகிச்சை தரும் பெண்.

"நான் இருக்கறப்ப இவளுக்கென்ன பயம்?"

முனகிக்கொண்டே போனவர் கண்ணாடிக் கதவை ஒட்டி நின்றார். ஏமாற்று வேலை ஏதும் நடந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

அரை மணி நேரம் கழிந்தது. மனைவியின் காதைத் தொட்டுக்கொண்டிருந்த தோள்கள் மெல்ல இறங்கின. கை உயர்ந்தது. அவிழ்ந்த கொண்டையைத் தானே முடிந்துகொண்டு சிரித்தாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"அடியே, சரியாயிடுச்சா!"

அவள் தோள் இரண்டும் சட்டென்று காதுவரை ஏறின. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

சிகிச்சைப் பெண் அந்தத் தோள்களைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

ஃபோர்மேன் அப்படியே பின்வாங்கி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அப்புறம், நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, விரலால் மெல்லத் தட்டினார். அவள் கூப்பிடட்டும் என்று நின்றார்.